மேப்பைத் தொடும் முன்: டர்போ இன்ஜின் மாற்றிய காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேறொரு காரின் டர்போ இன்ஜினைத் தன் காரில் பொருத்தி, அது முதன்முதலாக ஸ்டார்ட் ஆன சத்தத்தைக் கேட்டவருக்கு அடுத்து ட்யூனிங் அவசரம் வந்துவிடும். ஐட்லிங் தடுமாறினால், பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) வந்ததும் திணறினால், லேப்டாப்பைத் திறந்து மேப்பில், அதாவது எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று இன்ஜின் கணினிக்கு (இசியூ) சொல்லும் அட்டவணையில், எண்களை மாற்றத் தொடங்குகிறோம். நான் பார்த்த அளவில், இப்படி மேப்பின் மேல் பழி விழுந்த கோளாறுகளில் பெரும்பாலானவை மேப்பில் இல்லை. ஒரு ஹோஸிலோ எர்த் ஒயரிலோ தப்பான அளவைக் காட்டும் சென்சாரிலோதான் இருந்தன. சென்சார் பொய் சொல்லும்போது மேப்பைத் திருத்தினால், அந்தப் பொய்க்கு ஏற்ற மேப் ஒன்றை நாமே உருவாக்கிவிடுகிறோம்.

இதை நான் கற்றுக்கொண்டது என் காரில்தான். பூஸ்ட் 0.5 பாரைத் தாண்டியதும், எக்ஸாஸ்டில் பொருத்திய வைட்பேண்ட் சென்சாரின் மீட்டரில் 11.8 என்று நின்ற காற்று-பெட்ரோல் விகிதம் சட்டென்று 14, 15 என்று ஏறும். லீன் ஆகிறது (காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை) என்று நினைத்து அந்த இடத்தில் பெட்ரோலைக் கூட்டினேன். திணறல் அதிகமானது. இன்னும் கூட்டினேன். கடைசியில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், நுனி முழுக்கக் கரி படிந்து, பெட்ரோலில் நனைந்து ஈரமாக இருந்தது. லீனாக ஓடிய பிளக் அப்படி இருக்காது.

நடந்தது இதுதான். வைட்பேண்ட் பெட்ரோலை நேராக அளப்பதில்லை. எரிந்து வரும் புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழாமல் போனால், அதற்குள் போன காற்று எரியாமல் அப்படியே வெளியே வரும். சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து லீன் என்று காட்டும். பூஸ்ட் ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக் கேப்பைத் தாண்டிக் குதிக்கத் தீப்பொறிக்குத் தெம்பு போதவில்லை. 1.1 மி.மீ. இருந்த கேப்பை 0.7 மி.மீ. ஆகக் குறைத்தேன். திணறல் போனது. கூட்டிய பெட்ரோலை எல்லாம் திரும்பக் கழித்தேன். மீட்டர் திடீரென்று லீன் காட்டினால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கட்டில் கசிவு இருந்தாலும், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, குறிப்பாக ஐட்லிங்கில், இதே பொய்யைச் சொல்லும். சென்சாரை டர்போவுக்கு முன்னால் பொருத்தவே கூடாது. அங்குள்ள அழுத்தம் அளவைக் கெடுக்கும், சூடு சென்சாரைக் கெடுக்கும்.

இன்ஜினையே உடைக்கக்கூடிய தவறு ஒன்று உண்டு. இசியூ திரையில் தீப்பொறி விழும் நேரம் (டைமிங்) 15 டிகிரி என்று வருவதால் இன்ஜினிலும் 15 டிகிரிதான் இருக்கும் என்று நம்புவது. இன்ஜின் மாற்றிய காரில் கிராங்க் சென்சார், அது படிக்கும் பல் சக்கரமான ட்ரிக்கர் வீல், இசியூ மூன்றும் ஒன்றுக்கொன்று புதியவை. இவற்றைப் பிஸ்டனின் உச்சியோடு பொருத்தும் ஆஃப்செட் எண் சில டிகிரி தவறினால், பூஸ்டில் நாக் அடித்து (கலவை தானாக வெடித்து), பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துபோகலாம். திரையோ எல்லாம் சரி என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் இசியூவில் டைமிங்கை ஒரே எண்ணில் பூட்டிவிட்டு, டைமிங் லைட்டைக் கிராங்க் புல்லி மேல் அடித்துப் பாருங்கள். குறி அதே எண்ணில் நிற்க வேண்டும். ஐட்லிங்கில் பார்ப்பதோடு நிறுத்தாமல் 3000 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். குறி நகர்ந்தால் ட்ரிக்கர் அமைப்பில் தவறு இருக்கிறது. பழைய இன்ஜின் என்றால் புல்லியையும் நம்பாதீர்கள். நடுவில் இருக்கும் ரப்பர் தளர்ந்து வெளி வளையம் நழுவியிருக்கலாம். முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டை வழியாகப் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, புல்லிக் குறி அதோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு நிம்மதி.

மேப் (MAP) சென்சாருக்கும் இதேபோல ஒரு சோதனை. பெயர் ஒன்றானாலும் இது அந்த அட்டவணை அல்ல, இன்டேக் மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார். சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். அது அந்த இடத்தின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல்மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல். டர்போ இல்லாத காரின் பழைய 1 பார் சென்சாரையே விட்டுவைத்தால், அது 105க்கு மேல் பெரிதாக ஏறாது. டர்போ 180 கொடுத்தாலும் இசியூவுக்கு 105தான் தெரியும், அதற்குரிய பெட்ரோலைத்தான் கொடுக்கும். மேப்பில் எத்தனை கட்டங்களை நிரப்பினாலும் இசியூ அந்தக் கட்டங்களுக்குப் போகவே போகாது.

பெரிய இன்ஜெக்டர் போட்டவர்கள் சி.சி. அளவை (ஒரு நிமிடத்தில் பீய்ச்சும் பெட்ரோல்) மட்டும் மாற்றிவிட்டு டெட் டைமை மறந்துவிடுகிறார்கள். இன்ஜெக்டருக்கு மின்சாரம் கிடைத்து, அது திறக்க எடுத்துக்கொள்ளும் சிறு நேரம்தான் அது. வோல்டேஜ் குறைந்தால் அந்த நேரம் நீளும். அடையாளம் எளிது. ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கி, வோல்டேஜ் 14லிருந்து 12.5க்கு இறங்கியதும் ஐட்லிங் லீன் ஆகித் தடுமாறுகிறதா? டெட் டைம் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும், ஐட்லிங் கட்டங்களை அல்ல.

எர்த் விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கும் தொனியில் சொல்கிறேன்: இன்ஜின் பிளாக்கிலிருந்து பாடிக்கும் பேட்டரிக்கும் தடிமனான எர்த் ஒயர் போடுங்கள். பழைய இன்ஜினோடு கழற்றிய ஒயரைத் திரும்ப மாட்ட மறப்பது மிகச் சாதாரணம். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடித்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் போதாது. சென்சார் எர்த் மட்டும் பாடியில் அல்ல, இசியூவின் சென்சார் எர்த் பின்னில்தான் முடிய வேண்டும்.

ஐட்லிங்கில் நீலப்புகை வருகிறது, டர்போ போய்விட்டது என்று புது டர்போ வாங்கி, அதுவும் புகைத்தபின் தலையில் கைவைத்தவர்கள் நிறைய. டர்போ ஷாஃப்ட்டில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையம். தேங்கி நிற்கும் ஆயிலைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலையே இல்லை. பிரஷரில் உள்ளே வரும் ஆயில், திரும்பும்போது புவியீர்ப்பில் மட்டுமே இறங்குகிறது. அதனால் ரிட்டர்ன் பைப் தடிமனாக, வளைந்து தொங்காமல், முழுவதும் கீழ்நோக்கி இறங்கி, இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். பைப் சரியாக இருந்தும் புகைத்தால், கிராங்க்கேஸ் காற்று வெளியேறும் வழியைப் பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் இறங்க முடியாமல் நிற்கும். பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் உள்ளே வரும் பக்கம் ஆயில் வரத்தைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டர் தேவையா என்று அதன் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றுக் கசிவை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். டர்போவின் வாயில் மூடி போட்டு, ஒர்க்ஷாப் ஏர் கம்ப்ரஸரிலிருந்து காற்றை மெதுவாக ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். மூடிக்கு நேரே முகத்தை வைக்க வேண்டாம். காற்றளவு சென்சார் உள்ள காரில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிஞ்சிய பூஸ்டை விடுவிக்கும் புளோ ஆஃப் வால்வை வெளியே திறந்துவிட்டால், அளந்த காற்று வீணாகி, கியர் மாற்றும்போது ரிச் ஆகி (பெட்ரோல் அதிகமாகி) இன்ஜின் அணையும். அதையும் மேப்பில் சரிசெய்ய நினைப்பவர்கள் உண்டு. வால்வின் காற்றை டர்போவுக்கு முன்னால் திருப்பிவிட்டால் போதும்.

கூலன்ட் பற்றி ஒரு வரி: மாற்றிய இன்ஜின் ரேடியேட்டரை விட உயரமாக இருந்தால், ஊற்றும் வாயும் அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும்.

இவ்வளவும் முடிந்த பிறகு லேப்டாப். அடுத்தவர் காரிலிருந்து வந்த மேப் ஸ்டார்ட் செய்ய மட்டும் உதவும், பூஸ்டுக்கு அல்ல. முதலில் ஓவர்பூஸ்ட் கட் போடுங்கள், அதாவது பூஸ்ட் எல்லை தாண்டினால் இசியூ இன்ஜினின் சக்தியை வெட்ட வேண்டும். பூஸ்டை அளவோடு நிறுத்தும் வால்வான வேஸ்ட்கேட்டின் ஹோஸ் ஒன்று கழன்றால் பூஸ்டுக்கு எல்லை இருக்காது. பூஸ்ட் கண்ட்ரோலர் இல்லாமல் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் பூஸ்டிலேயே, டைனோவிலோ (நின்ற இடத்திலேயே காரை ஓட்டி அளக்கும் கருவி) மூடிய டிராக்கிலோ ஆரம்பியுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். இசியூ பதிவுசெய்யும் லாகில் காற்று-பெட்ரோல் விகிதத்தை மட்டும் பார்க்காமல் பெட்ரோல் பிரஷரையும் பாருங்கள். மேனிஃபோல்டில் பூஸ்டும் வேக்கூமும் இல்லாதபோது 3 பார் இருந்தால், 1 பார் பூஸ்டில் 4 பாராக ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் சரிந்தால் காலை உடனே எடுத்துவிட்டு, பம்ப், அதன் ஒயர், ஃபில்டர், ரெகுலேட்டருக்குப் போகும் வேக்கூம் ஹோஸ் என்று வரிசையாகத் தேடுங்கள்.