மாலையில் தடுமாறும் அம்மாவுக்காகக் கூடத்து விளக்கை மாற்றிய அனுபவம்

அம்மாவுக்கு மறதிநோய். பொழுது சாய்ந்தால் போதும், "என் வீட்டுக்குப் போகணும்" என்று வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ராத்திரித் தூக்கமும் இல்லை.

பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் செல்கள் விழித்திரையில் உண்டு. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிதான் அவற்றை அதிகம் தூண்டும். வயதானால் கண்வில்லை மஞ்சளாகி அந்த ஒளியைத் தடுக்கும். எங்கள் கூடத்திலோ ஒரே ஜன்னல். அம்மா உட்காரும் நாற்காலியில், கண் உயரத்தில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரைப் பிடித்தேன்: நண்பகலிலேயே 90 லக்ஸ்தான். நெதர்லாந்து முதியோர் இல்லங்களில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில் பகலில் கொடுத்தது சுமார் 1,000 லக்ஸ். அறிவுத்திறன் சரிவு ஓரளவு மட்டுப்பட்டது.

நிறம் மாறும் எல்இடி பேனல்களை வாங்கி, வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டு வரும்படி பொருத்தினேன். கண் கூசாது. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் கூடினால் நீலம் கலந்த வெள்ளை, குறைந்தால் மஞ்சள். காலையில் 6,500 கெல்வின். நாலரைக்கு மேல் மெதுவாக இறங்கி ஏழு மணிக்கு 2,700. ஆனால் அந்தி நேரத்தில் வெளிச்சத்தைக் குறைப்பதில்லை, நிறம் மட்டும்தான் மாறும். மூலையில் நிழல் விழுந்தால் ஆள் நிற்பதாகப் பயப்படுகிறார். இருட்டும் முன்பே திரையையும் இழுத்துவிடுகிறோம். ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் முகமே அவருக்கு அந்நியர்.

படுத்தி எடுத்தது கரண்ட் கட். நள்ளிரவில் கரண்ட் வந்ததும் பேனல் முழு வெள்ளையில் பளீரென்று எரியும். பேனலை இயக்கும் ஆப்பில் 'கடைசி நிலை' என்று, அதாவது கரண்ட் போகும் முன் இருந்தபடியே திரும்பும்படி, மாற்றியதும் சரியானது. சுவிட்சை யாரும் அணைக்காதபடி டேப் ஒட்டிவிட்டேன்.

வாசலில் நிற்பது நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. பெரும்பாலும் விடியற்காலை வரை தூங்குகிறார். விழித்திரைக் கோளாறு உள்ளவர்களுக்குச் செய்வதானால் முதலில் கண் மருத்துவரைக் கேளுங்கள்.