கர்னல் பேட்ச் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, கங்கைகொண்டான் என்று நம் பக்கத்தில் லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்ளும் இளவட்டங்கள் இப்போது நிறைய. வேலை பழக வருகிறவர்களைக் கூடவே இருந்து பார்த்தால், எங்கள் செட் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். பேக்கப் எடு, பாஸ்வேர்டைப் பெரிதாக வை என்பதெல்லாம் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வந்த பிறகு, அதை அடைக்கும் திருத்தமான பேட்சைப் போடுவதில் எங்கே ஏமாறுகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

‘லோக்கல் ஓட்டைதானே’ என்று ஒதுக்குவது

“வெளியிலிருந்து யாரும் வர முடியாதுலா, மெதுவா பாத்துக்கிடலாம் அண்ணே” என்பார்கள். கர்னல் ஓட்டைகளில் பல, ஏற்கெனவே உள்ளே இருக்கும் சாதாரண யூசர், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் ஆவதற்கு வழிவிடுபவைதான். 2016 அக்டோபரில் வெளிவந்த டர்ட்டி கௌ அந்த ரகம். 2022 மார்ச்சில் வந்த டர்ட்டி பைப்பும் அதேதான். இரண்டிலுமே, படிக்க மட்டும் அனுமதியுள்ள ஃபைலில் யார் வேண்டுமானாலும் எழுதிவிட முடிந்தது.

கல்லூரி லேப் சர்வரில் மாணவர் அத்தனை பேருக்கும் லாகின் இருக்கிறது. யாருக்குமே லாகின் தராத சர்வரில்கூட வெப்சைட்டின் பழைய ப்ளகின் ஒன்று போதும். அது வழியாக நுழைகிறவனுக்கு முதலில் கிடைப்பது வெப் சர்வரின் யூசர்தான். அவனை அங்கிருந்து ரூட்டுக்கு ஏற்றிவிடுவது இந்த ‘லோக்கல்’ ஓட்டை.

பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவுகட்டுவது

டர்ட்டி பைப் 5.8 கர்னலில் நுழைந்தது. 5.10 வரிசையில் அதைச் சரிசெய்து வந்த பதிப்பு 5.10.102. ஆனால் டெபியன் 11 (லினக்ஸைத் தொகுத்துத் தரும் டிஸ்ட்ரோக்களில் ஒன்று) அந்தத் திருத்தத்தைத் தன் 5.10.92-2 பேக்கேஜிலேயே சேர்த்துவிட்டது. எண்ணை மட்டும் பார்த்தவர்கள் ‘92, 102-ஐவிடச் சின்னது’ என்று பதறினார்கள். ரெட்ஹேட் 8 இன்றும் 4.18 என்றுதான் காட்டும். அது 2018-ல் வந்த கர்னலின் எண். உள்ளே அதற்குப் பிறகு வந்த திருத்தங்கள் எத்தனையோ இருக்கின்றன. உங்கள் டிஸ்ட்ரோ அந்த ஓட்டையின் சிவிஇ எண்ணுக்கு (ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்) என்ன பதில் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். கேள்விக்கு விடை அங்கேதான்.

பேட்ச் போட்டுவிட்டு ரீபூட் செய்யாமல் விடுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் வரவைப்பது இதுதான்.

“அப்டேட்லாம் வாரா வாரம் போட்டாச்சு அண்ணே” என்று ஒரு தம்பி சொன்னான். பொய் சொல்லவில்லை, ஒழுங்காகத்தான் போட்டிருந்தான். ஓடும் கர்னலின் பதிப்பைக் காட்டும் ‘யுநேம் -ஆர்’ கட்டளையை அடிக்கச் சொன்னேன். ஒரு வருடத்துக்கும் முந்தைய கர்னல் ஓடிக்கொண்டிருந்தது. பூட் டைரக்டரியில் புதுக் கர்னல் தயாராகக் கிடந்தது. ‘ரீபூட்-ரெக்வயர்டு’ என்ற ஃபைலை உபுண்டு எப்போதோ உருவாக்கி வைத்திருந்தது, ஒவ்வொரு லாகினிலும் ரீபூட் தேவை என்று வரி வந்திருக்கிறது. அவன் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது.

அப்டேட் செய்வது டிஸ்கில் ஒரு ஃபைலை எழுதும் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் கர்னலோ, மெஷின் கடைசியாக எழுந்தபோது மெமரியில் ஏறியது. ரீபூட் ஆகும்வரை அதுவேதான் ஓடும், ஓட்டையும் அதனோடே இருக்கும். கர்னலின் நெட்வொர்க் வடிகட்டியான என்எஃப்டேபிள்ஸ் பகுதியில் வந்த சிவிஇ-2024-1086-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் திருத்தம் வந்தது. மார்ச்சில் அதை வைத்து ரூட் எடுக்கும் கோடு எல்லாருக்கும் கிடைத்தது. மே மாதக் கடைசியில், நிஜமாகவே தாக்குதலில் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு அதைச் சேர்த்தது. பிப்ரவரியில் பேட்ச் போட்டு ரீபூட் செய்யாதவர் மே மாதத்திலும் திறந்த வீட்டில்தான் இருந்தார்.

“ரீபூட் பண்ணுனா ஆபீஸே நிக்கும்லா” என்பது வழக்கமான பதில். நீங்கள் நேரம் குறிக்காவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைமீறி ஊருக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது ஆற்றுக்குப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் கரண்ட் போய், யுபிஎஸ் தீர்ந்து, சர்வர் அணைந்தது. மாடியில் இருந்ததால் தண்ணீர் படவில்லை. கரண்ட் வந்து மெஷின் எழுந்தபோது, பல மாதமாகச் சும்மா கிடந்த புதுக் கர்னலில் எழுந்தது. அங்கே நெட்வொர்க் கார்டின் டிரைவரைப் பழைய கர்னலுக்காகக் கையால் கம்பைல் செய்து போட்டிருந்தார்கள், புதுக் கர்னல் வரும்போதெல்லாம் டிரைவரைத் தானாகக் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ்ஸில் சேர்க்கவில்லை. புதுக் கர்னலில் டிரைவர் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை. மறுபடி கம்பைல் செய்ய ஹெடர் பேக்கேஜ் வேண்டும், அதை இறக்க நெட் வேண்டும். செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வந்த நேரம். மெஷின் எழும்போது வரும் கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்க, பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளைக்கு அறுந்து அறுந்து விழும் போன் பேச்சில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் ஒருமுறை ரீபூட் செய்திருந்தால் இந்தக் கோளாறு அன்றைக்கே தெரிந்திருக்கும், அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

ஆகவே மாதம் ஒரு நாள் ரீபூட்டுக்கு என்றே ஒதுக்குங்கள். ஆனித் தேரோட்டத்துக்கு விடும் உள்ளூர் விடுமுறை மாதிரி நாட்களையும் விடாதீர்கள். பெரிய ஓட்டை என்றால் மாதக் கணக்கு பார்க்கக் கூடாது, அன்று ராத்திரியே செய்யுங்கள். எழுந்ததும் ‘யுநேம் -ஆர்’ பாருங்கள். டெபியனில் ‘-வி’ போட்டும் பாருங்கள். பேக்கேஜ் மாறியும் ‘-ஆர்’ காட்டும் பெயர் மாறாமல் இருப்பதுண்டு.

லைவ்பேட்ச் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது ஓடும் கர்னலில் ஓட்டையுள்ள ஃபங்ஷனுக்குப் பதிலாகத் திருத்திய ஃபங்ஷனை ஓட வைக்கும். நல்ல வசதிதான். ஆனால் எல்லாத் திருத்தமும் அதற்குள் அடங்காது. ரீபூட்டைச் சில வாரம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். அப்டைம் (ரீபூட் இல்லாமல் ஓடிய காலம்) நானூறு நாளைத் தாண்டிவிட்டது என்று பெருமையாக ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. லைவ்பேட்ச் இல்லாத மெஷினில் அந்த நானூறு நாளும் ஒரு கர்னல் திருத்தம்கூட ஏறவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

கன்டெய்னரை மட்டும் அப்டேட் செய்வது

கன்டெய்னர் என்பது ஒரே மெஷினில் அப்ளிகேஷனைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி மாதிரி. அதற்குள் தனிக் கர்னல் கிடையாது, அது ஓடும் மெஷினான ஹோஸ்டின் கர்னல்தான். இமேஜை எத்தனை தடவை மாற்றினாலும் இந்த ஓட்டை அடைபடாது.

கர்னலுக்கு ‘ஹோல்டு’ போட்டு மறப்பது

அது அந்தப் பேக்கேஜை அப்டேட் ஆகாமல் நிறுத்திவைக்கும். போடாதீர்கள்.

‘கெப்ட் பேக்’ வரியைக் கவனிக்காமல் விடுவது

உபுண்டுவிலும் டெபியனிலும் புதுக் கர்னல் பெரும்பாலும் புதுப் பெயரில், புதுப் பேக்கேஜாக வரும். ‘ஆப்ட்-கெட் அப்கிரேட்’ புதுப் பேக்கேஜ் எதையும் சேர்க்காது. ‘கெப்ட் பேக்’ (நிறுத்திவைக்கப்பட்டது) என்று ஒரு வரி காட்டிவிட்டுக் கர்னலை அப்படியே விட்டுவிடும். வெறும் ‘ஆப்ட் அப்கிரேட்’ சேர்க்கும்.

பழைய கர்னலை எல்லாம் அழிப்பது

ஒன்றாவது இருக்கட்டும். அந்த வெள்ளத்தில் கைகொடுத்தது அதுதான்.

பேட்ச் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது

சில ஓட்டைகளுக்கு இடைக்காலத் தடுப்பு உண்டு. மேலே சொன்ன 2024 ஓட்டையைச் சாதாரண யூசர் தொடுவதற்கு யூசர் நேம்ஸ்பேஸ் (சாதாரண யூசரையும் ஒரு தனி வட்டத்துக்குள் ரூட் போல நடக்கவிடும் கர்னல் வசதி) வேண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் சாதாரண யூசருக்கு அதை மூடிவைக்க ‘சிஸ்கன்ட்ரோல்’ (sysctl) என்ற கர்னல் செட்டிங் ஒன்று இருக்கிறது. மூடினால் ரூட் இல்லாமல் ஓடும் கன்டெய்னர்களும் சில பிரவுசர்களின் சாண்ட்பாக்ஸும் நின்றுபோகும், அதனால் அந்த சர்வரில் என்ன ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். மாற்றிய தேதியையும் சிவிஇ எண்ணையும் அந்த செட்டிங்கை எழுதிய ஃபைலிலேயே கமென்டாக எழுதி வையுங்கள். பேட்ச் வந்து, ரீபூட்டும் ஆன பிறகு எடுத்துவிடலாம்.