ஒன்றேகால் பவுன் குண்டு: நெடுந்தூர ரைஃபிள் போட்டிக்கு எடை தேர்ந்தெடுக்கும் முறை

காரைக்குடியில் பவுன் கணக்குத் தெரியாத வீடு இல்லை என்பதால், இந்த விளக்கத்தையும் அங்கிருந்தே தொடங்குகிறேன். ரைஃபிள் குண்டின் எடையைக் கிரெயின் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.43 கிரெயின். நெடுந்தூர இலக்குப் போட்டிகளில் பரவலாகப் புழங்கும் 155 கிரெயின் குண்டு 10 கிராம் இருக்கும். நம் கணக்கில் அது ஒன்றேகால் பவுன். 200 கிரெயின் குண்டு ஒன்றரைப் பவுனைச் சற்றுத் தாண்டும். இந்த மூன்று கிராம் வேறுபாடு 1000 கஜத்துக்கு அப்பால், அதாவது 914 மீட்டருக்கு அப்பால், என்ன செய்கிறது என்பதுதான் தொடக்கநிலையில் இருப்பவர் புரிந்துகொள்ள வேண்டியது.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். தோட்டா என்பது பித்தளை உறை, மருந்து, தீமூட்டி, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. குழலை விட்டுப் பறந்து செல்வது குண்டு மட்டுமே. இங்கே பேசுவது குண்டின் எடையைப் பற்றி. நம் ஊரில் பலர் பழகும் 50 மீட்டர் .22 ரைஃபிளில் 40 கிரெயின் குண்டுதான் வழக்கம் என்பதால் அங்கே இந்தக் கேள்வியே எழுவதில்லை. பெரிய ரைஃபிளுக்கு வரும்போதுதான் 'கனமானது நல்லது' என்ற பாதி உண்மை காதில் விழத் தொடங்கும்.

முதற்படி: போட்டியின் விதியைப் படியுங்கள்

எடையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாப் போட்டியிலும் உங்களுக்கு இல்லை. 1876இல் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் தொடங்கிய பால்மா கோப்பைப் போட்டி இன்று 800, 900, 1000 கஜத் தூரங்களில் நடக்கிறது, அதில் .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு 156 கிரெயினுக்குக் குறைவான குண்டு என்பது விதி. 155 கிரெயின் இவ்வளவு பரவியதற்கு அதுவே காரணம். ரைஃபிளைத் தாங்கியின் மேல் வைத்துச் சுடும் எஃப் கிளாஸ் போட்டியின் எஃப்-டிஆர் பிரிவில் .308 வின்செஸ்டர், .223 ரெமிங்டன் ஆகிய இரண்டு தோட்டாக்களுக்கு மட்டும் இடமுண்டு, ஆனால் குண்டின் எடைக்கு வரம்பில்லை. எஃப்-ஓப்பன் பிரிவில் 7 மி.மீ. விட்டமும் 180 கிரெயின் எடையும் கொண்ட குண்டுகளைப் பலர் விரும்புகிறார்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், நீங்கள் கலந்துகொள்ளும் ஆண்டின் விதிநூலைப் பார்த்துவிட்டே பணத்தைச் செலவிடுங்கள்.

இரண்டாம் படி: குழலின் புரியைக் கேளுங்கள்

நான் அதிகம் வற்புறுத்துவது இந்தப் படியைத்தான். குழலின் உள்சுவரில் திருகுபோல் வெட்டப்பட்ட புரி, குண்டைச் சுழலவைத்து அதன் மூக்கை முன்னோக்கியே நிறுத்துகிறது. அந்தப் புரி எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதை 1:12, 1:10 என்று குறிப்பார்கள். இரண்டாவது எண் சிறிதானால் சுழற்சி வேகம் கூடும்.

ஒரே விட்டத்தில் எடை கூட வேண்டுமானால் குண்டு நீள வேண்டும். நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி தேவை. புரி உண்மையில் கேட்பது எடையை அன்று, நீளத்தை. 1879இல் ஜார்ஜ் கிரீன்ஹில் தந்த எளிய சூத்திரமும் நீளத்தையும் விட்டத்தையும் வைத்தே கணக்கிடுகிறது. இன்று புழங்கும் மில்லர் சூத்திரம் எடையையும் சேர்த்துக்கொண்டு ஒரு நிலைப்பு எண்ணைத் தரும், அது 1.5ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது நல்லது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.25 அங்குல நீளமுள்ள 155 கிரெயின் குண்டு 1:12 குழலில் ஏறத்தாழ 1.5 பெறுகிறது. 1.5 அங்குல நீளமுள்ள 200 கிரெயின் குண்டு அதே குழலில் 1.1ஐத்தான் எட்டுகிறது, 1:10 குழலுக்கு மாற்றினால் 1.6 ஆகிறது. பிரிஸ்பேனில் இருக்கும் என் அத்தை மகன் இந்தக் கணக்கைப் போடாமல் கனமான குண்டுகளை ஒரு பெட்டி வாங்கி 1:12 குழலில் சுட்டார். தாளில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித் துவாரம்போல் நீண்ட துளைகள் விழுந்தன. குண்டு பக்கவாட்டில் புரண்டு சென்றதற்கு அதுவே அடையாளம். மீதிக் குண்டுகள் இன்னும் அவர் அலமாரியில்தான் இருக்கின்றன.

மூன்றாம் படி: காற்றின் கணக்கு

நேரம் குறைந்தால் காற்றின் தள்ளலும் குறையும், ஆகவே இலேசான வேகக் குண்டே மேல் என்று தோன்றும். அது சரியன்று. காற்றில்லா வெளியில் குண்டு இலக்கை அடைய எடுத்திருக்கும் நேரத்தை, உண்மையில் எடுத்த நேரத்திலிருந்து கழித்து, மீதியைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். தாமதம்தான் விலகலைத் தீர்மானிக்கிறது.

155 கிரெயின் குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், 1000 கஜத்தை ஏறத்தாழ 1.5 நொடியில் கடக்கும். தடையே இல்லாவிட்டால் 1.02 நொடி போதும். தாமதம் 0.48 நொடி. நொடிக்கு 3 மீட்டர் பக்கக் காற்றில் அது ஏறத்தாழ 1.45 மீட்டர் விலகும். நல்ல வடிவமுள்ள 200 கிரெயின் குண்டு நொடிக்கு 808 மீட்டரில் கிளம்பி, ஏறத்தாழ அதே 1.5 நொடியில் சேர்ந்தாலும், தாமதம் 0.39 நொடிதான், விலகல் 1.2 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. எஃப்-டிஆர் வீரர்கள் கனத்தை நாடுவது இதனால்தான்.

இங்கே 'நல்ல வடிவமுள்ள' என்ற சொல்லைக் கவனியுங்கள். காற்றைக் கிழிக்கும் திறனைப் பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் என்ற எண்ணால் அளக்கிறார்கள். இரு வேறு மாதிரிக் குண்டு வடிவங்களோடு ஒப்பிட்டு, பெட்டியின் மேல் ஜி1, ஜி7 என்று இருவகையாக அச்சிட்டிருப்பார்கள். நீண்டு ஒடுங்கிய போட்டிக் குண்டுகளுக்கு ஜி7 எண்ணே பொருந்தும். ஒரு குண்டின் ஜி1 எண்ணை மற்றதன் ஜி7 எண்ணோடு ஒப்பிடுவது, கிராமையும் பவுனையும் ஒரே தட்டில் கூட்டுவதற்குச் சமம்.

நான்காம் படி: இலக்கை எட்டும்போது மிஞ்சும் வேகம்

குண்டின் வேகம் ஒலியின் வேகத்துக்கு இறங்கும் இடத்தில் சில குண்டுகள் தடுமாறும். 300 மீட்டர் போட்டிக்காக உருவான புகழ்பெற்ற 168 கிரெயின் குண்டு ஒன்று, 155ஐவிடக் கனமானதாக இருந்தும், 1000 கஜத்துக்கு உகந்ததாகக் கருதப்படுவதில்லை. அதன் வால் வடிவம் அப்படி. ஒலியின் வேகம் 15 டிகிரியில் நொடிக்கு 340 மீட்டர், நம் சித்திரை வெயிலின் 35 டிகிரியில் 352 மீட்டர். வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால் குண்டு வேகத்தைச் சற்றுக் கூடுதலாகக் காப்பாற்றிக்கொள்ளும் என்பது ஓர் ஆறுதல்.

ஐந்தாம் படி: தோள்

கனமான குண்டு கூடுதலாக உதைக்கும். மேலே சொன்ன இரண்டில் 200 கிரெயினின் உந்தம் 155ஐவிட ஏறத்தாழ 16 விழுக்காடு அதிகம். தாங்குகால் வைத்த 8 கிலோ ரைஃபிளில் அதைச் சமாளிக்கலாம். வார் கட்டிப் படுத்துச் சுடும் புதியவருக்கு அறுபதாவது குண்டில் கண் தானாக மூடும். புதியவர் 155 கிரெயினிலேயே ஓராண்டு பழகுவது நல்லது என்பது என் கருத்து.

ஆறாம் படி: தாளில் சோதியுங்கள்

விதியும் புரியும் அனுமதிக்கும் இரண்டு அல்லது மூன்று எடைகளில் சிறிதளவே வாங்குங்கள். தொழிற்சாலைத் தோட்டாவே போதும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால், வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து வீட்டில் நிரப்ப முயலாதீர்கள். 100 மீட்டரில் நெருக்கமாக விழுவது நல்ல தொடக்கமே தவிரத் தீர்ப்பு அன்று. கிளம்பும் வேகம் நொடிக்கு 10 மீட்டர் மாறினால் 1000 கஜத்தில் குண்டு ஏறத்தாழ 20 செ.மீ. மேலும் கீழுமாகப் போகும். அங்கே எஃப் கிளாஸ் இலக்கின் பத்துப் புள்ளி வளையமே 25 செ.மீ. குறுக்களவுதான். ஆகவே கிடைக்கும் மிக நீண்ட தூரத்தில் ஒவ்வோர் எடைக்கும் குறைந்தது பத்துக் குண்டு சுட்டு, பக்கவாட்டுச் சிதறலைக் காற்றின் கணக்கில் விட்டுவிட்டு, மேல்கீழ்ச் சிதறலை மட்டும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் அன்றைய வெப்பநிலையையும் எழுதுங்கள். மார்கழிக் காலையில் சரிபார்த்த குண்டு சித்திரை மதியத்தில் சற்று மேலே விழும்.