முதலில் ரேடியேட்டர், பிறகு ஸ்பிரிங்: பழைய ஜெர்மன் கார்களில் செய்யும் தவறுகள்

நான் வாங்கிய முதல் ஜெர்மன் கார் 1996-இல் பதிவான பி.எம்.டபிள்யூ 328ஐ. இ36 தலைமுறை, ஆறு சிலிண்டர், 193 குதிரைத்திறன், இழுவை பின்சக்கரங்களுக்கு. வாங்கிய முதல் மாதமே காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளும் புதிய சைலன்சரும் மாட்டினேன். மூன்றாம் மாதம் ஜெர்மனியின் ஏ3 நெடுஞ்சாலையில் லிம்பூர்க்கைத் தாண்டிக் கொலோன் பக்கமாக மலையேறிக்கொண்டிருந்தபோது ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து முறிந்தது. இன்ஜினின் சூட்டைக் காட்டும் வெப்பமுள் அதுவரை நடுவிலேயே நின்றிருந்தது. அது சிவப்பை நோக்கி நகர்ந்த பிறகும், அடுத்த வெளிவழி வரை போய்விடலாம் என்று ஓட்டினேன். அந்த நான்கு கிலோமீட்டரில் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. ஸ்பிரிங்குக்கும் சைலன்சருக்கும் கொடுத்த பணத்தில் குளிரூட்டும் பாகங்கள் அத்தனையையும் புதிதாக மாற்றியிருக்கலாம். கையில் மிச்சமும் இருந்திருக்கும்.

அதன் பிறகு நண்பர்களின் கார்கள் பலவற்றுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் என் கதைதான். கண்ணில் படுகிற இடத்தில் முதலில் பணம் இறங்கியிருக்கும். கண்ணில் படாத இடம் முறை வரட்டும் என்று காத்திருக்கும். கீழே சொல்லும் தவறுகளில் பாதி இந்த ஒரு பழக்கத்திலிருந்து பிறப்பவை.

வெப்பமுள்ளை நம்புவது

இ36 கார்களிலும் அடுத்த தலைமுறையான இ46 கார்களிலும் வெப்பமுள் உள்ள நிலையை உள்ளபடி காட்டுவதில்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூடு ஒரு பரந்த எல்லைக்குள் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் வீணாகப் பதறக் கூடாது என்ற நல்லெண்ணம். விளைவு, முள் அசைகிற நேரத்தில் நிலைமை கைமீறியிருக்கும். அசைந்த கணமே ஓரம் கட்டி இன்ஜினை அணைப்பதுதான் சரி. அலுமினிய ஹெட் வளைவதற்கு நீண்ட நேரம் தேவையில்லை.

ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகள், விரிவுத் தொட்டி, தெர்மோஸ்டாட் கூடு என்று பலவும் பிளாஸ்டிக். சில நீர்ப்பம்புகளின் உள்விசிறிகூட அப்படித்தான். ஆயிரக்கணக்கான முறை சூடாகி ஆறிய பிளாஸ்டிக், காய்ந்த முருங்கைக் குச்சி போல ஒடியும். இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. உடைந்த ஒன்றை மட்டும் மாற்றுவது முதல் தவறு. புதிய பாகம் அழுத்தத்தைச் சரியாகத் தாங்கத் தொடங்கியதும் அடுத்து நலிந்திருப்பது உடையும். பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், தொட்டி, குழாய்கள், பெல்ட் எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றிவிட்டு, மாற்றிய தேதியைக் குறித்து வைப்பதே மலிவு.

இரண்டாவது தவறு, கூலன்ட்டை ஊற்றியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. உள்ளே காற்று அடைபட்டிருந்தால் தொட்டி நிறைந்திருந்தாலும் ஹெட்டின் ஒரு மூலை காய்ந்து கிடக்கும். காரின் முன்புறத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகிலிருந்து குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை பொறுமையாக ஊற்ற வேண்டும். அந்தத் திருகும் பிளாஸ்டிக்தான்; அதன் மேல் வீரத்தைக் காட்டாதீர்கள்.

கிலோமீட்டரை மட்டும் பார்த்து வாங்குவது

‘1989 மாடல், 70,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் பலருக்கு வாய் ஊறும். எனக்குக் கவலை வரும். ரப்பருக்கு ஓடோமீட்டரைப் படிக்கத் தெரியாது. இ30 தலைமுறை 325ஐ-யில் இருக்கும் எம்20 இன்ஜினுக்கு, வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக ஓட்டும் டைமிங் பெல்ட் உண்டு; அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் போய் முட்டும். கார் கொட்டகையில் தூங்கியிருந்தாலும் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தப் பெல்ட்டை மாற்றியாக வேண்டும். போர்ஷே 944-இல் வேலை இன்னும் அதிகம்: வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்கு ஒரு பெல்ட், அதிர்வைச் சமன் செய்யும் தண்டுகளுக்கு இன்னொன்று. இரண்டின் இறுக்கமும் அளவாக அமைய வேண்டும். விரலால் அழுத்திப் பார்த்துச் சரி என்று சொல்கிற வேலை அல்ல.

1990-களின் முற்பாதியில் வந்த மெர்சிடிஸ் கார்களில் வேறொரு தலைவலி. டபிள்யூ124 உட்படப் பல மாடல்களில் இன்ஜின் ஒயர்களின் மேலுறை, சூட்டில் காய்ந்து அப்பளம் போல நொறுங்குகிறது. செம்பும் செம்பும் தொட்டுக்கொண்டால் இன்ஜின் தடுமாறும். சில நேரம் கட்டுப்பாட்டுக் கணினியும் சேர்ந்து போகும். சென்சார் சென்சாராக மாற்றி மாதங்களைத் தொலைத்தவர்கள் உண்டு. ஓர் இணைப்பின் உறையை லேசாக விலக்கி ஒயரைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். போர்ஷேயின் சுஃபன்ஹவுசன் தொழிற்சாலையில் உருவான மெர்சிடிஸ் 500இ-யை வாங்கப் போகிறவர் அதன் எட்டு சிலிண்டர் உறுமலில் மயங்குவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

டயருக்கும் இதே கதைதான். பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2314 என்றால் 2014-இன் 23-ஆம் வாரம். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயரில் நான் வேகமாக ஓட்ட மாட்டேன்.

எல்லாத் திரவமும் ஒன்று என்று நினைப்பது

பழைய ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் முதலில் வந்த ஜி11 கூலன்ட்டையும் பின்னால் வந்த சிவப்பு ஜி12-ஐயும் கலந்துவிட்டால் பழுப்புக் கூழாகத் திரளும். ஸ்டீயரிங் எண்ணெயிலும் கவனம் வேண்டும். சில கார்களுக்கு ஏ.டி.எஃப். எனும் தானியங்கி கியர்பாக்ஸ் எண்ணெய், சிலவற்றுக்குச் சி.எச்.எஃப். எனும் பச்சை நிற ஹைட்ராலிக் எண்ணெய். மூடியிலேயே எழுதியிருக்கும். கையில் இருந்ததை ஊற்றினால் ஸீல்கள் கெட்டுப்போகும்.

காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911-இல் எண்ணெய் அளவைப் பார்ப்பதே ஒரு சடங்கு. இன்ஜின் நன்றாகச் சூடாகி, சமதரையில், ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளவுகோலை எடுக்க வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் பார்த்தால் கோல் வறண்டு வரும். புதியவர் பயந்து ஒரு லிட்டர் ஊற்றுவார். அது காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் ஏறி, பின்னால் வருகிறவர் கண்ணைப் புகையால் மறைக்கும்.

இ46 தலைமுறை பி.எம்.டபிள்யூ எம்3-இன் எஸ்54 இன்ஜினுக்கு 10டபிள்யூ-60 எண்ணெய். ‘கெட்டியான எண்ணெய் எதற்கு’ என்று மெல்லியதைத் தேடுகிறவர்கள், அதன் பிஸ்டன்களைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் பேரிங்குகளின் வரலாற்றைப் படிக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளில் வந்த கார்களை நிறுவனமே வரவழைத்துப் பேரிங்குகளை மாற்றிக் கொடுத்தது. இந்தக் காரின் வேகச்சுற்று மீட்டரில் எண்ணெய் சூடாக ஆகச் சிறு விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். அவை எரிகிறவரை மிதிக்காதே என்று தொழிற்சாலையே சொல்லிவைத்திருக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு கார் பேச முடியாது. ஆனாலும் தெருமுனையிலேயே உறுமவிடுகிறார்கள்.

பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் வடக்கு வளையம் ஏறத்தாழ 20.8 கிலோமீட்டர். பழைய திரவத்தோடு போனால் பாதிச் சுற்றில் பெடல் பஞ்சுபோல அமுங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்; வளையத்துக்குப் போகிறவர் அதற்கு முன்பும் மாற்றுங்கள்.

கியர்பாக்ஸில் ‘ஆயுள்கால எண்ணெய்’ என்று ஒட்டியிருந்தால் யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். அந்தப் பெட்டிகளைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

கழற்றியபோது பார்க்காமல் மூடுவது

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். போர்ஷே 911-இன் 996 தலைமுறைக்கும் முதல் தலைமுறை பாக்ஸ்டருக்கும் அது அப்படியே பொருந்தும். அவற்றின் எம்96 இன்ஜினில், கிராங்க் தண்டின் சுழற்சியைக் கேம் தண்டுகளுக்குக் கடத்தும் இடைத்தண்டின் பின்முனையைத் தாங்கும் சிறு பேரிங் தேய்ந்து உடைந்தால் செயின் தடம் மாறி இன்ஜினே போய்விடும். பேரிங்கின் விலை பெரிதல்ல. அதை எட்டுவதற்கு கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது. ஆனால் கிளட்ச் மாற்ற எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கும். அன்றைக்கு அந்தப் பேரிங்கையும் பின்பக்க எண்ணெய் ஸீலையும் பார்க்காமல் மூடுகிறவரை என்ன சொல்வது? கடைசி ஆண்டுகளில் வந்த பெரிய பேரிங்கை இன்ஜினைப் பிரிக்காமல் எடுக்க முடியாது; அது வலுவானதும்கூட. 911-இன் டர்போ, ஜிடி3 வகைகளில் இருப்பது வேறு இன்ஜின். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயம் இல்லை. மற்றவர்கள் ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் பழைய வடிகட்டியை வெட்டி விரித்து, உலோகத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள்.

தொங்கும் சக்கரத்தோடு புஷ்ஷை இறுக்குவது

வீட்டு முற்றத்தில் வேலை செய்கிறவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்; நானும் செய்தேன். சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளையான புஷ், போல்ட்டை இறுக்கிய நிலையில் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் அசையும். காரை ஜாக்கியில் ஏற்றி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கினால், தரையில் இறக்கிய கணத்திலிருந்து அந்த ரப்பர் ஓயாமல் முறுக்கிக் கிடக்கும். சில மாதங்களில் கிழியும். பிறகு ‘மட்டமான புஷ்’ என்று கடைக்காரரைத் திட்டுவோம். சக்கரத்தின் மீது காரின் எடை விழுந்த நிலையில், அல்லது சஸ்பென்ஷன் கையை அதே உயரத்துக்கு முட்டுக்கொடுத்து உயர்த்திய பிறகுதான் கடைசி இறுக்கம்.

ரப்பருக்குப் பதிலாகக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ்களை எல்லா இடத்திலும் போடுவது அடுத்த ஆசை. இ36, இ46 கார்களின் பின்பக்கச் சஸ்பென்ஷன் கையான டிரெய்லிங் ஆர்ம் ஒரே திசையில் மட்டும் அசைவதில்லை. சற்றே திரும்பவும் வேண்டும். கெட்டியான புஷ் அந்தத் திருப்பத்தைத் தடுக்கும். தடுத்த விசை எங்கும் போய்விடாது. காரின் உடல் தகட்டில் இறங்கும். இ46-இன் பின்புறத் தரைத்தகடு அச்சுச் சட்டம் பொருந்தும் இடங்களில் விரிசல் விடுவது ஏற்கெனவே பேர்போனது. குதிரைத்திறனை ஏற்றுகிறவர் முதலில் அங்கே விளக்கடித்துப் பார்த்து, தேவைப்பட்டால் வலுத்தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

தாழ்த்துவதைப் பற்றி ஒன்று மட்டும். தேய்ந்த ஷாக் அப்சார்பரின் மேல் புதுக் குட்டை ஸ்பிரிங் போடுவது புண்ணுக்குப் புனுகு பூசுவது. இ30-இல் தாழ்த்தத் தாழ்த்தப் பின்சக்கரங்கள் உள்நோக்கிச் சாயும். டயரின் உள்விளிம்பு மொட்டையாவது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஓட்டை பொருந்தினால் சக்கரம் பொருந்தியதாக எண்ணுவது

இ39 தலைமுறை பி.எம்.டபிள்யூ ஃபைவ் சீரிஸின் சக்கரத்துக்கும் இ36-க்கும் போல்ட் அமைப்பு ஒன்றே: ஐந்து போல்ட், 120 மில்லிமீட்டர் வட்டம். ஆனால் நடுத்துளை அங்கே 74.1, இங்கே 72.6. இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால் ஸ்டீயரிங் நடுங்கும். பாவம், பேலன்ஸிங் கடைக்காரர் நான்கு முறை பார்த்தும் நிற்காது. இதைவிட ஆபத்தானது போல்ட்டின் இருக்கை. பி.எம்.டபிள்யூ போல்ட்டின் தோள் கூம்பு வடிவம். மெர்சிடிஸ், போர்ஷே, ஃபோக்ஸ்வாகன் போல்ட்டுகளுக்கு உருண்டை. வெளிச்சந்தைச் சக்கரங்கள் பெரும்பாலும் கூம்பு கேட்கும். மாற்றிப் போட்டால் இறுகியது போலத் தோன்றும். மெல்லிய விளிம்பு மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும்.

சத்தத்தைச் சக்தி என்று எண்ணுவது

திறந்த காற்று வடிகட்டி போட்டதும் இன்ஜின் கர்ஜிக்கும். அது உறிஞ்சுவது இன்ஜின் அறையின் சூடான காற்றை என்றால், தொழிற்சாலைப் பெட்டியைவிடச் சக்தி குறைவதும் உண்டு. டர்போ இல்லாத இன்ஜினில் கட்டுப்பாட்டுக் கணினியின் சிப்பை மாற்றிக் கிடைப்பது சொற்பம். அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் சக்கர அலைன்மென்ட்டுக்கும் கொடுங்கள்.

காகிதத்தை மறப்பது

ஜெர்மனியில் மாற்றம் செய்த பாகத்தோடு அதன் ஆவணமும் இருக்க வேண்டும். சில பாகங்களுக்கு அனுமதிச் சீட்டை உடன் வைத்திருந்தால் போதும். சிலவற்றை மாட்டிய பிறகு டியூவ் போன்ற சோதனை நிலையத்தில் காட்டி, வண்டியின் பதிவில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி சாலையில் ஓடும் அனுமதியே பறிபோகலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

முப்பது ஆண்டு நிறைந்த கார் ‘எச்’ எழுத்தில் முடியும் எண்பலகை பெறலாம். ஆண்டு வரி 191.73 யூரோ. 1992-இல் வந்த இ36 எம்3-களே அந்த வயதைத் தாண்டிவிட்டன. ஆனால் செய்த மாற்றங்கள் அந்தக் காலத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும். பொதுவாக, முதல் பதிவிலிருந்து பத்து ஆண்டுக்குள் செய்திருக்கக்கூடியவை. நேற்று வாங்கிய எல்.இ.டி. முகவிளக்கு அந்தக் கணக்கில் வராது.

என் 328ஐ-யின் பழைய ஸ்பிரிங்குகளைத் தாழ்த்திய அன்றே பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டேன். எட்டு ஆண்டு கழித்து, அதே அளவில் நல்ல நிலையில் ஒரு ஜோடிக்காக மூன்று மாதம் தேட வேண்டியிருந்தது. இப்போது கழற்றுகிற ஒவ்வொன்றும் துணியில் சுற்றி, சீட்டு ஒட்டி, மாடியறைப் பெட்டிக்குப் போகிறது. ஸ்டீயரிங் சக்கரம், சைலன்சர், முதலில் வந்த கேசட் பிளேயர் எல்லாம் அங்கே இருக்கின்றன. முறிந்த அந்த ரேடியேட்டர் கழுத்தும் இருக்கிறது.