என்ஏடி போட்டால் மட்டும் போதாது: சோதனை விஎம்களைத் தனியே பிரிப்பது

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு, எல்லாருக்கும் ஒரே ரௌட்டர். ஒருவர் லேப்டாப்பைக் கேபிளில் செருகி, விண்டோஸ் சர்வர் பழகுவதற்காக விஎம்மை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) 'பிரிட்ஜ்ட்' முறையில், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் நேரடியாகச் சேரும்படி வைத்து, முகவரி வழங்கும் டிஹெச்சிபியையும் ஓட விட்டால் போதும். பக்கத்து அறைக்காரரின் போனுக்கு ரௌட்டரை முந்திக்கொண்டு அந்த விஎம் ஐபி முகவரி கொடுத்துவிடலாம். அப்போது வைஃபை முழுக் கோடு காட்டும், இணையம் வராது.

பிரிட்ஜ்டுக்குப் பதில் என்ஏடி (விஎம் லேப்டாப்பின் முகவரிக்குப் பின்னால் நின்று வெளியே போகும் முறை) வைத்தால் இந்தச் சிக்கல் தீரும், ஆனால் விஎம் தனிமைப்பட்டுவிடாது. என்ஏடி வெளியிலிருந்து வருவதைத்தான் தடுக்கும். வீட்டு ரௌட்டர் 192.168.1.1 என்றால் அதை விஎம்மின் உலாவியில் அடித்துப் பாருங்கள், லாகின் பக்கம் திறக்கும். பிரிண்டரும் அடுத்தவர் கணினியும் அதே வழியில் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சந்தேகமான கோப்பைத் திறக்க இது இடமல்ல.

எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்க நடுவே ஒரு ஃபயர்வால் வேண்டும். விஎம்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில், பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளுக்கு 1 ஜிபி ரேமில் ஒரு விஎம் உருவாக்குங்கள். முதல் அடாப்டர் (நெட்வொர்க் கார்டு) என்ஏடி. இரண்டாவது 'இன்டர்னல் நெட்வொர்க்' (விஎம்களுக்குள் மட்டும் ஓடுவது), பெயர் லேப்1. சோதனை விஎம்களுக்கு ஒரே அடாப்டர், அதே லேப்1. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு நெட்வொர்க், டிஹெச்சிபி கிடைக்காமல் விஎம் 169.254 என்று தொடங்கும் முகவரியோடு நின்றால் முதலில் இதைப் பாருங்கள். விண்டோஸ் 11 ஒன்றுக்கே 4 ஜிபி போய்விடும், ஆகவே 8 ஜிபி லேப்டாப்பில் இது மூச்சு வாங்கும்.

பிஎஃப்சென்ஸின் லேன் (சோதனை விஎம்கள் உள்ள பக்கம்) முகவரி 192.168.1.1 என்றே வரும். வீட்டு ரௌட்டரோடு குழம்பாமலிருக்க 10.77.0.1/24 என்று மாற்றி, டிஹெச்சிபியை இயக்குங்கள். சோதனை விஎம்மிலிருந்து அந்த முகவரிக்குப் போய், முதல் வேலையாக அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். சோதனை விஎம்களுக்கும் இந்தப் பக்கம் தெரியும்.

லேன் விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்துவதே செல்லும். மேலே, 10.77.0.1-இன் 53ஆம் போர்ட்டுக்கு அனுமதி, தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் இதில்தான் போகும். அடுத்து உள் நெட்வொர்க்குகளுக்குரிய 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூன்றுக்கும் தடை. கடைசியில்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அனுமதி. 53 விதியைத் தடைக்குக் கீழே வைத்தால் டிஎன்எஸ் செத்துவிடும். 'நெட் போச்சு' என்று மணிக்கணக்கில் தேடுவது பெரும்பாலும் இதனால்தான். ஐபிவி6 (புதிய முகவரி முறை) அனுமதி விதி தானாகவே இருக்கும், மேலுள்ள தடை ஐபிவி6-ஐத் தொடாது, ஆகவே அந்த விதியை நீக்குங்கள்.

இப்போது சோதியுங்கள். இணையதளம் திறக்க வேண்டும், 192.168.1.1 திறக்கக் கூடாது. திறந்தால், விதி போடுவதற்கு முன் தொடங்கிய இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கலாம். டயக்னாஸ்டிக்ஸ் மெனுவில் ஸ்டேட்ஸை (நடப்பு இணைப்புகளின் பட்டியல்) ரீசெட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

விஎம்மைக் குளோன் செய்யும்போது எல்லா அடாப்டர்களுக்கும் புதிய மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் இரண்டும் ஒரே ஐபிக்கு அடித்துக்கொள்ளும், பிங் (இணைப்புச் சோதனை) வந்து வந்து போகும்.

இணையமே வேண்டாத சோதனையா? பிஎஃப்சென்ஸின் முதல் அடாப்டரில் 'கேபிள் கனெக்டட்' டிக்கை எடுத்துவிடுங்கள். விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம். ஷேர்ட் ஃபோல்டர், ஷேர்ட் கிளிப்போர்டு இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவை நெட்வொர்க் வழியாகப் போவதில்லை, எந்த ஃபயர்வால் விதியும் அவற்றைத் தொடாது.