காற்றுக் குழாய் மாற்றுவோர் வெள்ளத்தையும் நினையுங்கள்

சென்ற போயா விடுமுறையில் என் காருக்குப் புதிய காற்றிழுப்புக் குழாயையும் ஃபில்டரையும் மட்டக்களப்பு வீட்டு முற்றத்திலேயே பூட்டினேன். ஒரு திருப்புளியும் பத்தாம் நம்பர் ஸ்பேனரும் போதுமாக இருந்தன. ஒன்றரை மணித்தியால வேலை. அதில் அரை மணித்தியாலம் புல்லுக்குள் விழுந்த போல்ட்டைத் தேடியதில் போனது.

எஞ்சின் ஆறிய பின் பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். பழைய ஃபில்டர் பெட்டியில் காற்றளவு சென்சர் (எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பது) இருந்தால், உள்ளே உள்ள மெல்லிய கம்பியைத் தொடாமல் எடுத்து, அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கும்படி பொருத்துங்கள். எண்ணெய் பூசும் வகை ஃபில்டருக்கு எண்ணெயை அள்ளி ஊற்ற வேண்டாம்; மிஞ்சியது சென்சரில் படியும். சென்சருக்கும் எஞ்சினுக்கும் இடையில் கிளிப் தளர்ந்தால் அளக்கப்படாத காற்று நுழைந்து எஞ்சின் தடுமாறும், எச்சரிக்கை விளக்கும் எரியலாம்.

நம் ஊருக்கு முக்கியமானது வேறு. ஃபில்டரைப் பம்பருக்குள் தாழ்வாக இறக்கும் வகை குளிர்ந்த காற்றை இழுக்கும், உண்மைதான். மார்கழியில் வவுணதீவுப் பக்கம் வீதியில் வெள்ளம் நிற்கும்போது தண்ணீரையும் இழுக்கும். தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது; பிஸ்டன் மேலெழும்போது அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். எனவே பழைய பெட்டி இருந்த உயரத்திலேயே நிற்கும் வகையை வாங்குங்கள். பழைய பெட்டியை எறியாதீர்கள். ஐப்பசி பிறந்ததும் நான் அதையே திரும்பப் பூட்டிவிடுவேன்.

சத்தம் கூடியிருக்கிறது. வேகம் கூடியதாக வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.