1.6 கி.மீ. ஓட்டம்: முதல் சுற்றில் அடக்கி ஓடுங்கள்
இந்தியத் தரைப்படையின் அக்னிவீர் ஆள்சேர்ப்பில் 1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 400 மீட்டர் மைதானத்தில் அது நான்கு சுற்று, சுற்றுக்கு 82 வினாடி. பல தம்பிகள் கூட்டத்தோடு கூட்டமாக முதல் சுற்றை 70 வினாடியில் பாய்ந்துவிடுகிறார்கள். அந்த வேகத்துக்கு வேண்டிய ஆக்சிஜன் கிடைப்பதற்குள் தசையில் அமிலத்தன்மை ஏறிவிடும். மூன்றாவது சுற்றில் கால் கல்லாகக் கனக்கும்.

வாரம் இரண்டு நாள் 400 மீட்டரை 82 வினாடியில் ஓடுங்கள், இரண்டு நிமிடம் நடங்கள், மறுபடி ஓடுங்கள். நான்கு முறையில் தொடங்கி மெல்ல ஆறுக்குப் போகலாம். மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவோட்டம் போதும். தினமும் முழு வேகத்தில் ஓடி, முழங்காலுக்குக் கீழே எலும்பு வலியோடு பிள்ளைகள் தேர்வுக்குப் போவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.